இல்லாத சைரன் காதில் கேட்கிறதா? சரியான உதவியைத் தேடிப் போக ஒரு வழிகாட்டி

குழாயைத் திறந்தேன். தண்ணீர் விழும் சத்தத்துக்குள்ளிருந்து, குண்டுவீச்சை எச்சரிக்கும் சைரன் எழுந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் பதுங்குமிடத்துக்கு ஓடினேன். அங்கே யாரும் இல்லை. மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டுப் பையன் வாசலில் நின்று, "என்னக்கா, சைரன் எதுவும் அடிக்கலையே" என்றான். அன்று இரவு அதே சத்தம் இன்னும் இரண்டு முறை கேட்டது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பைத்தியம் என்று முத்திரை குத்திவிடுவார்கள், குழந்தையை என்னிடமிருந்து எடுத்துக்கொள்வார்கள் என்று பயந்தேன். சத்தத்தை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் மருத்துவர்களிடம் சொன்னேன். நெஞ்சு அடைக்கிறது என்றதும் இதயத்தைப் பார்த்தார்கள். சாப்பிட முடியவில்லை என்றதும் வயிற்றைப் பார்த்தார்கள். தூக்கம் இல்லை என்றதும் தூக்க மாத்திரை எழுதினார்கள். சரியான ஆளின் முன்னால் போய் உட்கார எனக்கு 14 மாதம் ஆயிற்று. அங்கே கேட்கப்பட்ட இரண்டாவது கேள்வியே, "இல்லாத சத்தம் ஏதாவது கேட்கிறதா?" என்பதுதான். அதை முதல் மருத்துவரிடமே நான் சொல்லியிருக்கலாம்.

அந்த 14 மாதம் உங்களுக்கு வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. இந்தப் பாதையில் நடந்தவள், அவ்வளவுதான். இப்படி நடப்பது உங்களுக்கு மட்டும் இல்லை. கடந்த 10 ஆண்டுகளுக்குள் போரைக் கண்ட பகுதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் மதிப்பிட்டது. இரைச்சலுக்குள் சைரன் கேட்பதும், மோட்டார் சைக்கிள் சத்தம் ட்ரோனாக மாறுவதும் குண்டுவீச்சுக்குள் வாழ்ந்த சாதாரண மக்கள் பலர் சொல்லும் அனுபவம்.

1. சத்தம் கேட்டால் முதலில் பாதுகாப்பு, ஆராய்ச்சி அப்புறம்

போர் இன்னும் நடக்கும் இடத்தில் நீங்கள் இருந்தால் இதுதான் முதல் விதி: சந்தேகம் வந்தால் பதுங்குங்கள். "இது என் காதின் வேலைதான்" என்று முடிவு செய்துகொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். ஒரு முறை அந்த முடிவு தவறினாலும் உயிர் போகும்.

சத்தம் கேட்டதும் இரண்டு இடத்தில் மட்டும் பாருங்கள். ஒன்று, கைபேசியில் அதிகாரபூர்வ எச்சரிக்கை வந்திருக்கிறதா? இரண்டு, பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்டதா? இதற்குச் சில நொடிகள் போதும். இரண்டும் "இல்லை" என்று தெளிவாகத் தெரிந்தால் இருந்த இடத்திலேயே இருக்கலாம். ஒன்றாவது தெரியாவிட்டால், தொடர்பு இல்லாவிட்டால், தனியாக இருந்தால், இறங்கிப் போங்கள். வீணாகப் போனதாக இருந்தாலும் பரவாயில்லை.

வீட்டில் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். நீங்கள் "அடிக்கிறதா?" என்று கேட்டால் அவர் "இல்லை" அல்லது "ஆமாம், வா" என்று மட்டும் பதில் சொல்ல வேண்டும். "மறுபடியும் ஆரம்பித்துவிட்டாயா?" என்ற சலிப்பு வந்தால் அடுத்த முறை நீங்கள் கேட்கவே மாட்டீர்கள். என் வீட்டில் அதுதான் நடந்தது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு இடத்தில் பார்ப்பது என்பது இரண்டே முறைதான். ஜன்னலைத் திறந்து காது கொடுத்துக் கேட்பது, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கைபேசியைப் புரட்டுவது என்று போனால், மூளை அந்தச் சத்தத்துக்காகவே காத்திருக்கப் பழகிவிடும்.

2. கேட்பது எந்த வகைச் சத்தம் என்று பிரித்துப் பாருங்கள்

மருத்துவரிடம் போகும் முன் இதை ஓரளவு பிரித்து வைத்தால் பாதி வேலை முடிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் போக வேண்டிய இடம் வேறு.

*இருக்கும் சத்தம் வேறாகக் கேட்பது.* மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர், காற்று, தூரத்து வண்டி ஆகியவற்றுக்குள் சைரனோ விமானமோ கேட்கும். மின்விசிறியை நிறுத்தினால் சைரனும் நின்றுவிடும். காது கேட்பதை மூளை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. எது வரப்போகிறது என்று முன்கூட்டி ஊகித்து, அந்த ஊகத்தோடு சேர்த்துத்தான் கேட்கிறது. மாதக்கணக்கில் சைரனுக்காகக் காத்திருந்த மூளை, தெளிவில்லாத இரைச்சல் எதைக் கேட்டாலும் அதில் சைரனைப் பொருத்திப் பார்க்கிறது. எனக்கு அதிகம் இருந்தது இந்த வகைதான்.

*எந்தச் சத்தமும் இல்லாதபோது கேட்பது.* முழு அமைதியில் ஒரு வெடிச்சத்தம், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது, அலறல். முன்பு தாக்குதலின்போது கேட்ட அதே சத்தமாக இருக்கும். சில நேரம் சத்தத்தோடு வாசனை, படம், உடல் நடுக்கம் எல்லாம் சேர்ந்து வந்து, மறுபடி அதே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும்.

*தூங்கப் போகும்போதும் விழிக்கும்போதும் மட்டும் கேட்பது.* போரைக் காணாதவர்களுக்கும் இது நடக்கும். தூக்கம் கெட்டவர்களுக்கு அதிகம் வரும். இது மட்டுமே இருந்தால், தூக்கத்தைச் சரிசெய்வதிலிருந்து தொடங்கலாம்.

*கீச்சென்ற ஒலி, ரீங்காரம், இரைச்சல்.* நாள் முழுவதும் ஒரே மாதிரி, ஒரு காதிலோ இரண்டிலுமோ. இது காது சம்பந்தப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த படியில் சொல்கிறேன்.

*பேச்சுக் குரல்கள்.* உங்களைத் திட்டுவது, நீங்கள் செய்வதைச் சொல்லிக்கொண்டே வருவது, "செய்" என்று கட்டளையிடுவது. மனவடு, அதாவது பேரதிர்ச்சி மனதில் விட்டுச்செல்லும் பாதிப்பு உள்ளவர்களிலும் சிலருக்குக் குரல் கேட்பதுண்டு. அதனால் குரல் கேட்டாலே வேறு பெரிய நோய் என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். ஆனால் இதை மனநல மருத்துவர்தான் பார்க்க வேண்டும். உங்களையோ மற்றவரையோ காயப்படுத்தச் சொல்லும் குரல் என்றால் அன்றே போக வேண்டும்.

3. காதைப் பரிசோதியுங்கள், தள்ளிப்போடாதீர்கள்

குண்டு வெடித்த இடத்துக்கு அருகில் இருந்தவர்களுக்குச் செவிப்பறை கிழிந்திருக்கலாம், உட்காதில் சேதம் இருக்கலாம். அந்தச் சேதம் இரைச்சலாகக் கேட்கும். இதைச் சரிபார்க்காமல் நேராக மனநலப் பிரிவுக்குப் போனால் அங்கிருந்து திருப்பி அனுப்பலாம். ஒரு மாதம் போய்விடும்.

காலம் இங்கே முக்கியம். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலோ, காதிலிருந்து ரத்தமோ நீரோ வந்தாலோ, தலை சுற்றினாலோ அன்றே காட்டுங்கள். திடீர்ச் செவித்திறன் இழப்புக்கான மருந்து முதல் இரண்டு வாரத்துக்குள் கொடுத்தால்தான் பலன் அதிகம். செவிப்பறையில் சிறு ஓட்டை என்றால் பெரும்பாலும் சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் தானாகவே மூடிவிடும். அதுவரை தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவர் சொல்லாமல் எண்ணெயோ சொட்டு மருந்தோ விடாதீர்கள்.

கேட்க வேண்டிய பரிசோதனை செவித்திறன் அளவீடு, அதாவது ஆடியோகிராம். காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். அரை மணி நேரத்துக்குள் முடியும், வலி இருக்காது. ஆனால் அமைதியான அறையில் அடைத்து, மெல்லிய ஒலிகளைத் தேடிக் கேட்கச் சொல்வார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அதுவே பதற்றம் தரும். "நான் குண்டுவீச்சில் இருந்தவள், கதவை முழுதாகச் சாத்த வேண்டாம், இடையில் நிறுத்தலாமா?" என்று தொடங்கும் முன்பே கேளுங்கள். முடிவு சரியாக வந்தாலும் தாளை வாங்கி வையுங்கள். "காதில் கோளாறு இல்லை" என்ற தாளுக்கும் அடுத்த இடத்தில் மதிப்பு உண்டு.

4. 14 நாள் குறிப்பு எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மருத்துவருக்கு முன்னால் உட்கார்ந்ததும் வாய் அடைத்துப் போகும். எத்தனை முறை, எப்போது, எவ்வளவு நேரம் என்று கேட்டால், "அடிக்கடி" என்ற ஒரு சொல்தான் வரும். எனக்கு மூன்று இடங்களில் அப்படித்தான் ஆனது. நான்காவது இடத்துக்கு ஒரு சின்ன நோட்டோடு போனேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை மறைக்க வேண்டியதே இல்லை" என்றார்.

ஒவ்வொரு முறைக்கும் ஒரே வரி போதும். நாள், நேரம், என்ன சத்தம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், அந்த இடத்தில் உண்மையில் என்ன சத்தம் இருந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, உடல் என்ன செய்தது, மற்றவருக்குக் கேட்டதா. என் நோட்டிலிருந்து ஒரு வரி:

"செவ்வாய், இரவு 9.40. சைரன். பாத்திரம் கழுவும்போது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தியதும் நின்றது. ஒரு நிமிடம். கை நடுக்கம், வியர்வை. வேறு யாருக்கும் கேட்கவில்லை."

இதோடு தினமும் காலையில் இன்னொரு வரி: எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், கெட்ட கனவு வந்ததா, முந்தைய நாள் காபி, மது, மாத்திரை என்ன எடுத்தீர்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் ஒழுங்கு ஒன்று தெரியும். எனக்கு மூன்றில் இரண்டு பங்கு இரவு 9 முதல் 11 மணிக்குள், அதுவும் மூன்று மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய நாளுக்கு மறுநாள்.

குறிப்பில் செய்யக்கூடாதவை: அந்தச் சம்பவத்தின் முழுக் கதையை இரவில் தனியாக உட்கார்ந்து எழுதாதீர்கள். அதற்கு வேறு இடமும் கூட ஒரு ஆளும் வேண்டும். சரிபார்க்கிறேன் என்று இணையத்தில் சைரன் ஒலியைத் தேடிப் போட்டுக் கேட்காதீர்கள். ராணுவ நடமாட்டம், தாக்குதல் நடந்த இடம் போன்றவற்றை நோட்டில் எழுதாதீர்கள். சோதனைச் சாவடியில் நோட்டைப் பார்த்தால் உங்களுக்கு ஆபத்து வரலாம்.

உடனே போக வேண்டிய நிலையில் இருந்தால் 14 நாள் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கையில் இருக்கும் குறிப்பு போதும், இல்லாவிட்டாலும் போங்கள்.

5. ஒரு மாதக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

தாக்குதலுக்குப் பிந்தைய முதல் சில வாரங்களில் திடுக்கிடுவது, தூக்கம் இல்லாமல் போவது, சத்தம் கேட்பது எல்லாம் பலருக்கும் வரலாம். பலருக்குத் தானாகவே குறையும். அதனால்தான் பேரதிர்ச்சிக்குப் பின்னான மனவடு, அதாவது பிடிஎஸ்டி என்ற முடிவுக்கு வர, அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கின்றனவா என்று பொதுவாகப் பார்க்கிறார்கள். முதல் வாரத்திலேயே ஒருவர் அந்தப் பெயரைச் சூட்டினால் இன்னொருவரிடமும் கேளுங்கள்.

தொடர்ந்து தாக்குதல் நடக்கும் இடத்தில் இந்த ஒரு மாதத்தை எங்கிருந்து எண்ணுவது? நானும் குழம்பினேன். எனக்கு அறிகுறி தொடங்கிய நாளிலிருந்து எண்ணினார்கள். நீங்களும் அந்த நாளையாவது நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ஒரு மாதம் ஆனபின் ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். மருத்துவமனைகளில் முதல்கட்டச் சோதனைக்குப் பயன்படும் கேள்விகளின் சாரம் இது. கடந்த ஒரு மாதத்தில்,

விரும்பாமலே அந்த நினைவோ கெட்ட கனவோ வந்ததா?
அதை நினைக்காமல் இருக்கவும், நினைவூட்டும் இடங்களைத் தவிர்க்கவும் பாடுபட்டீர்களா?
எப்போதும் உஷாராக இருந்தீர்களா, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிட்டீர்களா?
மனிதர்களிடமிருந்தும் செய்யும் வேலையிலிருந்தும் விலகி, மரத்துப்போனது போல் இருந்ததா?
நடந்ததற்கு உங்களையோ மற்றவரையோ குறை சொல்வதை நிறுத்த முடியவில்லையா?

மூன்றுக்கு மேல் "ஆம்" என்றால் முழுப் பரிசோதனைக்குப் போங்கள். மூன்று என்றாலும் போங்கள். இது நோய் இருக்கிறது என்ற முடிவு இல்லை, போய்க் காட்டுவதற்கான காரணம் மட்டும்தான். அங்கே 20 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று தரலாம். அதன் மதிப்பெண் 0 முதல் 80 வரை. 31 முதல் 33 வரையிலான அளவைத் தொட்டால் பிடிஎஸ்டி இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு மேலே பார்ப்பார்கள். உங்கள் மதிப்பெண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சிகிச்சை வேலை செய்கிறதா என்று பின்னால் ஒப்பிட அது வேண்டும்.

முதல் மாதத்தில் யாராவது உங்களைக் கூட்டமாக உட்காரவைத்து, நடந்ததை எல்லாம் ஒரே அமர்வில் கொட்டச் சொன்னால் மறுக்கலாம். அப்படி ஒரே அமர்வில் பேசவைப்பது பிடிஎஸ்டி வராமல் தடுப்பதில்லை என்பதால் உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைப்பதில்லை. பேச விரும்பினால் பேசுங்கள், யாரும் பிடுங்க வேண்டாம்.

ஒரு மாதமோ ஒரு வாரமோ காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. சாக வேண்டும் என்ற எண்ணம், கட்டளையிடும் குரல், சாப்பிடவோ குழந்தையைப் பார்க்கவோ முடியாத நிலை, தலையில் அடிபட்டபின் வாந்தியோ வலிப்போ குழப்பமோ வருவது. தினமும் குடித்துவந்த மதுவையோ, நீண்ட நாள் எடுத்த தூக்க மாத்திரையையோ திடீரென்று நிறுத்தியபின் சத்தமும் உருவங்களும் வந்தால் அதுவும் அவசரம். அதில் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து.

6. கோப்பு ஒன்று தயாரியுங்கள்

இடம்பெயர்ந்தவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. என்னிடம் அடையாள அட்டையின் கைபேசிப் படம் மட்டும்தான் இருந்தது. அதை வைத்தே பதிவு செய்தார்கள். தாள் இல்லை என்பதற்காகப் போகாமல் இருக்காதீர்கள். முதலில் போய், என்ன வேண்டும் என்று கேளுங்கள்.

கோப்பில் இருக்க வேண்டியவை: அடையாள அட்டை அல்லது இடம்பெயர்ந்தவர் பதிவுச் சீட்டின் நகல். காப்பீடு இருந்தால் அதன் எண். காயத்துக்குச் சிகிச்சை பெற்றிருந்தால் மருத்துவமனை கொடுத்த சுருக்கத் தாள். காதுப் பரிசோதனை முடிவு. இதுவரை எடுத்த மாத்திரைகளின் பட்டியல், எத்தனை மில்லிகிராம், எப்போது தொடங்கி எப்போது நிறுத்தினீர்கள் என்பதோடு. பெயர் தெரியாவிட்டால் காலி அட்டையையே வையுங்கள். 14 நாள் நோட்டு. கடைசியாக, ஒரு பக்கத் தேதிப் பட்டியல்: எந்த மாதம் என்ன நடந்தது, எப்போது இடம் மாறினீர்கள், அறிகுறி எப்போது தொடங்கியது. இந்த ஒரு பக்கம் இருந்தால் போகும் இடமெல்லாம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டாம். ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படுத்தே கிடந்தவள் நான்.

எல்லாவற்றையும் படமெடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். மூலத் தாளை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

வேலையிடத்துக்கோ பள்ளிக்கோ கடிதம் வேண்டுமென்றால், "மருத்துவச் சிகிச்சையில் இருக்கிறார், இத்தனை நாள் ஓய்வு தேவை" என்ற அளவே பெரும்பாலும் போதும். நோயின் பெயர் கட்டாயமா என்று முதலில் விசாரியுங்கள். கட்டாயமில்லை என்றால் எழுத வேண்டாம் என்று மருத்துவரிடம் சொல்லலாம். புகலிடக் கோரிக்கைக்கோ இழப்பீட்டுக்கோ என்றால் நிலைமை வேறு. அங்கே விவரம் வேண்டும். சித்திரவதையும் நடந்திருந்தால், அதைப் பதிவுசெய்ய ஐ.நா. வெளியிட்ட இஸ்தான்புல் நெறிமுறை என்ற முறை இருக்கிறது. அந்த முறைப்படி அறிக்கை எழுதத் தெரிந்த மருத்துவர் யார் என்று உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள். சாதாரணச் சான்றிதழை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் உண்டு.

ஒவ்வொரு இடத்திலும் கேட்க வேண்டிய கேள்வி: "நான் சொல்வதை யார் யார் பார்ப்பார்கள்?" பதில் தெளிவாக வரும்வரை மற்றவர்களின் பெயர்களைச் சொல்லாதீர்கள்.

7. யாரிடம் போவது, முதல் இரண்டு நிமிடத்தில் என்ன சொல்வது

பொது மருத்துவரிடம் தொடங்குவதே பெரும்பாலும் எளிது. அவர் காதுக்கும் மனநலப் பிரிவுக்கும் பரிந்துரைக் கடிதம் தருவார். மனநல மருத்துவர் மருந்து எழுதுவார். உளவியலாளர் பேச்சுவழிச் சிகிச்சை தருவார். இரண்டு பேரும் தேவைப்படலாம். முகாமிலோ இடம்பெயர்ந்தோர் மையத்திலோ இருந்தால் அங்குள்ள மருத்துவக் குழுவிடம், "உளசமூக உதவி யார் செய்கிறார்கள்?" என்று கேளுங்கள். அந்தச் சொல்லுக்கு உடனே வழிகாட்டுவார்கள்.

உள்ளே போனதும் முதலில் சொல்ல வேண்டியது தூக்கத்தைப் பற்றி இல்லை. தூக்கம் என்று தொடங்கினால் மாத்திரையோடு வெளியே வருவீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: "நான் குண்டுவீச்சு நடந்த இடத்தில் இருந்தேன். இத்தனை மாதமாக, இல்லாத சைரன் கேட்கிறது. அது உண்மையில்லை என்று பிறகு எனக்கே தெரிகிறது. பெரும்பாலும் வேறு சத்தத்துக்குள் கேட்கிறது. காதைப் பரிசோதித்துவிட்டேன். குறிப்பு எழுதி வந்திருக்கிறேன்."

"உண்மையில்லை என்று பிறகு தெரிகிறது" என்ற வரி உங்களுக்குப் பொருந்தினால் விட்டுவிடாதீர்கள். "குரல் கேட்கிறது, சத்தம் கேட்கிறது" என்று மட்டும் சொன்னால், அவசரத்தில் இருக்கும் ஒருவர் அதை வேறு நோயாக எடுத்துக்கொண்டு, தேவையில்லாத கடும் மருந்தைத் தொடங்கிவிடலாம். உண்மையா இல்லையா என்று உங்களுக்கே நிச்சயம் இல்லாவிட்டால் அதையும் அப்படியே சொல்லுங்கள். பொய் சொல்லித் தப்பிக்க வேண்டாம்.

மொழி தெரியாத நாட்டில் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பதிவின்போதே கேளுங்கள். பிள்ளைகளை வைத்து மொழிபெயர்க்க வேண்டாம். நீங்களும் முழுதாகச் சொல்லமாட்டீர்கள், பிள்ளையும் கேட்கக் கூடாததைக் கேட்கும். மொழிபெயர்ப்பாளர் உங்கள் ஊர்க்காரராகவோ எதிர்த்தரப்பு என்று நீங்கள் அஞ்சுபவராகவோ இருந்தால் வேறொருவரைக் கேட்கத் தயங்காதீர்கள்.

8. சிகிச்சைக்கு எத்தனை வாரம், என்ன செலவு

மனவடுவை நேரடியாகக் கையாளும் பேச்சுவழிச் சிகிச்சைகளுக்குத்தான் பலன் அதிகம். "கவுன்சிலிங்" என்ற பெயரில் ஆறுதல் மட்டும் சொல்லும் இடமும் உண்டு. ஆறுதல் தேவைதான், ஆனால் அதுவே சிகிச்சை ஆகாது. அதனால், "நீங்கள் தருவது எந்த முறை, மொத்தம் எத்தனை அமர்வு?" என்று முதல் நாளே கேளுங்கள்.

நடந்ததைப் பற்றி மனதில் சிக்கிப்போன எண்ணங்களை அலசி மாற்றும் அறிவுநிலைச் செயலாக்கச் சிகிச்சை, அதாவது சிபிடி (CPT), வழக்கமாக 12 அமர்வுகள். தவிர்த்த நினைவுகளையும் இடங்களையும் படிப்படியாக எதிர்கொள்ளும் முறை 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 90 நிமிடம். கண்ணசைவோடு நினைவைக் கையாளும் இஎம்டிஆர் முறையும் இதே அளவு காலம்தான். வாழ்க்கைக் கதையைப் பிறப்பிலிருந்து வரிசையாகச் சொல்லிப் பதிவுசெய்யும் நெட் என்ற முறை, போரிலும் இடப்பெயர்விலும் பல சம்பவங்களைக் கடந்தவர்களுக்காகவே உருவானது. அதைச் சுமார் 4 முதல் 10 அமர்வுகளில் முடிக்கிறார்கள். நிபுணர் கிடைக்காத இடங்களில், பயிற்சி பெற்ற உதவியாளர்கள் ஐந்து வாரம், வாரம் 90 நிமிடம் நடத்தும் பிஎம் பிளஸ் என்ற திட்டம் இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கியது. அது மனவடுச் சிகிச்சைக்கு மாற்று இல்லை, ஆனால் காத்திருக்கும் காலத்தில் கை கொடுக்கும்.

இரண்டாவது, மூன்றாவது அமர்வுக்குப் பிறகு சத்தமும் கனவும் சற்று அதிகமாகலாம். எனக்கு ஆனது. அந்த வாரத்தில்தான் நிறுத்திவிட நினைத்தேன். நிறுத்தும் முன் சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள், வேகத்தைக் குறைப்பார். எனக்கு ஏழாவது அமர்வுக்குப் பிறகு குழாய்ச் சத்தம் மெல்ல வெறும் தண்ணீரானது.

மருந்து என்றால் பொதுவாக செர்ட்ராலின் அல்லது பராக்ஸெட்டின் வகை. பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் இரண்டு வாரம் குமட்டல், படபடப்பு, தூக்க மாற்றம் இருக்கலாம். "வேலை செய்யவில்லை" என்று பலர் விடுவது அந்த இரண்டு வாரத்தில்தான். வேலை செய்தாலும் உடனே விடக்கூடாது. பல மாதம், சில நேரம் ஓராண்டும் எடுக்கச் சொல்வார்கள், பிறகு மெல்லக் குறைப்பார்கள். டயஸிபாம், அல்பிரஸோலாம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகள் அந்த இரவைக் கடத்தும், மனவடுவைக் குணமாக்காது, எளிதில் பழக்கமாகும். ஏற்கெனவே எடுத்துவந்தால் நீங்களாக நிறுத்தாமல், குறைக்கும் அட்டவணையை மருத்துவரிடம் கேளுங்கள்.

செலவை அமர்வுக் கட்டணத்தோடு மட்டும் கணக்கிடாதீர்கள். 12 அமர்வு என்றால் 12 நாள் பயணம், 12 அரைநாள் சம்பளம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள 12 முறை ஒரு ஆள். நான் ஐந்தாவது அமர்வில் சிறிது காலம் நின்றது கட்டணத்தால் இல்லை, பேருந்துச் செலவால். பாதியில் நிற்பதைவிட, குறைந்த அமர்வுள்ள முறையையோ காணொளி அழைப்பையோ முதலிலேயே கேட்பது நல்லது. அரசு மருத்துவமனை, பல்கலைக்கழகப் பயிற்சி மையம், நிவாரண அமைப்புகள் ஆகியவற்றில் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ கிடைக்கலாம். காத்திருப்புப் பட்டியல் நீளமாக இருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடத்தில் பெயர் கொடுங்கள். "யாராவது வராவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லி வையுங்கள். எனக்கு இடம் கிடைத்தது அப்படித்தான்.

9. காத்திருக்கும் வாரங்களில்

சத்தம் வந்ததும், பாதுகாப்பைப் பார்த்த பிறகு, பாதத்தை அழுத்தித் தரையில் ஊன்றுங்கள். இன்றைய தேதியையும் இருக்கும் இடத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். கண்ணில் படும் ஐந்து பொருளைப் பெயர் சொல்லுங்கள். மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக்குங்கள். குழாயோ மின்விசிறியோ காரணம் என்று சந்தேகம் வந்தால் நிறுத்தி, மறுபடி போட்டுப் பாருங்கள். "இது குழாய்" என்று சொல்லுங்கள். மூளை மெல்லத்தான் கற்கும்.

கைபேசி அழைப்பொலி, அலாரம் இரண்டையும் சைரனுக்குக் கொஞ்சமும் ஒட்டாத ஒலிக்கு மாற்றுங்கள். எச்சரிக்கைச் செயலியின் ஒலியை மட்டும் அணைக்கக் கூடாது. முழு அமைதி உதவும் என்று நினைத்து நாள் முழுக்கக் காதடைப்பான் போட்டேன். அது தவறு. எப்போதும் அடைத்து வைத்தால் காது இன்னும் கூர்மையாகிச் சின்னச் சத்தமும் தாங்க முடியாமல் போகும். மெல்லிய பேச்சோ இசையோ பின்னணியில் இருப்பது நல்லது. மது அன்றைய இரவைத் தூங்கவைக்கும், பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். நோட்டில் எழுதினால் உங்களுக்கே தெரியும்.

பிள்ளைகள் உங்கள் ஓட்டத்தைப் பார்த்திருப்பார்கள். "அம்மாவின் காது பழைய சத்தத்தை நினைத்துக்கொள்கிறது, அதற்கு மருத்துவரைப் பார்க்கிறேன். உண்மையாக அடித்தால் சேர்ந்து போவோம்" என்று சொன்னேன். என் மகள் அதற்குப் பிறகு "இப்போ அடிக்கலை அம்மா" என்று தானாகவே சொல்ல ஆரம்பித்தாள். அந்தப் பொறுப்பு அவளுடையது இல்லை என்று அவளுக்கு மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

10. முடித்துவிட்டு வரும்போது வாங்க வேண்டியது

கடைசி அமர்வில் ஒரு பக்கச் சுருக்கம் கேளுங்கள்: எந்த முறை, எத்தனை அமர்வு, முதல் மதிப்பெண், கடைசி மதிப்பெண், மருந்தும் அளவும். மறுபடி இடம் மாற வேண்டி வந்தால் அது இல்லாமல் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். மருந்து எடுப்பவர்கள் அடுத்த இடத்தில் மருத்துவரைப் பிடிக்கும்வரை தாங்கும் அளவுக்கு, முடிந்தால் ஒரு மாதத்துக்கு, மருந்தும் சீட்டும் கையில் வைத்திருங்கள்.

தாக்குதல் நடந்த அதே தேதி வரும் வாரத்திலும், பட்டாசு வெடிக்கும் நாட்களிலும் சத்தம் திரும்பலாம். அந்தத் தேதிகளை இப்போதே நாட்காட்டியில் குறியுங்கள். அந்த வாரத்துக்கு ஒரு அமர்வை முன்பதிவு செய்ய முடியுமா என்று சிகிச்சையாளரிடம் கேளுங்கள். அந்த இரவுகளில் கூப்பிடக்கூடிய ஒருவரின் எண்ணை நோட்டின் பின்னட்டையில் எழுதி வையுங்கள்.